ஏரியில் இறங்கிய கடுதாசிக் கப்பல்

ஏரிக்கரைத் தோணிரேவில் பிறந்தும் மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று யாரையாவது காட்டச் சொன்னால், ஊரே என்னைத்தான் காட்டும். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் பிழைப்பு. என் மனைவி தடவினால் பறிக்கூடை நிறையும். நான் தடவினால் நண்டு என் விரலைப் பிடிக்கும். யார் யாரைப் பிடிக்க வந்தார்கள் என்று கரையில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் அதே விரல்கள் கடுதாசியைத் தொட்டால் கதை வேறு. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த துணிக் கிடங்கிலிருந்து வாரத்துக்கு ஒரு கூடை கழிவுக் கடுதாசி வெளியே வரும். மூட்டையில் சுற்றியது, கணக்கெழுதிக் கிழித்தது, மை கொட்டிக் கெட்டது. அடுப்புக்குப் போகவேண்டிய அந்தக் கூடையை மீன் கொடுத்து வாங்கிக்கொள்வேன். மீன் நான் பிடித்ததல்ல, மனைவி பிடித்தது. இதை நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

விசிறி, பூச்சரம், வெற்றிலைப் பெட்டி, தொட்டிலுக்கு மேலே தொங்கும் மீன்கள் என்று செய்வேன். துணிக்குச் சாயம் போடுகிறவர்களிடம் மிஞ்சிய அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் கிடைக்கும். மீன் செய்வதில்தான் தொல்லை. எங்கள் ஊரில் கடுதாசி மீனுக்குக்கூடச் சலுகை கிடையாது. முதல் மீனைக் காட்டியபோது என் மச்சான், மனைவியின் அண்ணன், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மீனு மாப்ள இது?"

"மடவை."

"மடவைக்கு வாலு இப்டியா இருக்கும்? செவுளு எங்க? மூச்சு முட்டிச் செத்துடுமே பாவம்."

அன்றிலிருந்து செவுள் இல்லாத மீன் என் கையிலிருந்து இறங்கியதில்லை. என் மடவையைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி விலை கேட்ட கையோடு முகர்ந்தும் பார்த்தாள். எனக்குக் கிடைத்த முதல் விருது அதுதான்.

விற்பது வீடு வீடாக. மரக்காயர் வீடுகளில் கல்யாணப் பூச்சரம், ஒல்லாந்தர் தெருவில் விசிறி. எல்லாம் கொல்லை வாசல் வியாபாரம். நாய் குரைத்தால் ஓடிப்போய், அடங்கியதும் திரும்பி வருவேன். எனக்கு ஒரே ஆசை. சந்தை நாளில் கோட்டை வாசலில் பாசிமணிக்காரர், வெற்றிலைக்காரர் வரிசையில் ஒரு பாய் விரித்து உட்கார வேண்டும். அதற்குக் கோட்டைக்காரர்களின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு வழி துபாஷி. இரண்டு பாஷையிலும் அதட்டத் தெரிந்தவர்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "கிடங்கு தொரை பொறந்தநாளுக்கு தொரைசாணி ஒரு கடுதாசிக் கப்பல் கேக்கறாங்க. முகத்துவாரத்தண்ட வந்து நிக்குதே, அந்த மாதிரி மூணு பாய்மரம். அவங்களுக்குப் புடிச்சா வாசல்ல ஒனக்கு ஒரு எடம். புடிக்கலன்னா இந்தப் பக்கமே உன்ன நான் பாக்கக் கூடாது."

பதினைந்து நாள் வேலை. தென்னை ஈர்க்கில் விலா எலும்பு, கஞ்சிப் பசையில் நான்கு அடுக்குக் கடுதாசி, அதன்மேல் பலகை பலகையாக வெட்டி ஒட்டியது. பாய்களுக்கு மூட்டை சுற்றிய கெட்டிக் கடுதாசி. கயிறெல்லாம் வலை நூல். அத்தனை முடிச்சையும் போட்டவள் என் மனைவி. நான் போட்ட முடிச்சுகளை அவள் அவிழ்த்துவிட்டுப் போட்டாள் என்பதுதான் சரியான வாக்கியம்.

கொடுக்கவேண்டிய நாள் காலையில் கப்பலைக் கூடையில் வைத்து வெளியே வந்தேன். வாசலில் பாதி ஊர் நின்றது. சிரிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானே முதலில் சிரித்து வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கத்தைத் தடவினார்.

"படகு நல்லா வந்துகீது மாப்ள. எப்போ தண்ணில எறக்கற?"

எங்கள் பக்கத்தில் எந்தப் படகு கட்டினாலும், முகப்பில் மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, ஒருமுறை தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் உரியவனிடம் கொடுப்போம். அப்படிச் செய்யாத படகில் யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

இது கடுதாசி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ள எவனும் சொல்லியிருப்பான். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை மீன் பிடிக்கத் தெரியாதவன் என்றே சொன்ன வாய், நான் செய்ததைப் படகு என்றது. என் தலை வானத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

"இப்பவே எறக்கலாம் மச்சான்" என்றேன்.

மனைவி என் தோளைக் கிள்ளினாள். "யோவ், கஞ்சி போட்டு ஒட்டினதுயா அது."

"அடிய மட்டும் தொட வச்சிட்டு எடுத்துடுவோம்மே."

மஞ்சள் பூசினார்கள். தேங்காய் உடைத்தார்கள். கப்பலை இரண்டு கையாலும் ஏந்தி ஏரியில் வைத்தேன். அது மிதந்தது. சாயவே இல்லை. அந்த அழகில் வாய் பிளந்து நின்றவன் கையை எடுத்துவிட்டேன். கரைக்காற்று மூன்று பாயிலும் நிறைந்தது. கப்பல் கிளம்பிவிட்டது.

ஊரே சத்தம் போட்டது, எடு என்று அல்ல, போ போ என்று. சொந்தப் படகு கிளம்பினால் எப்படிக் கத்துவார்களோ அப்படி. நான் பின்னாலேயே ஓடினேன், சேற்றில் விழுந்தேன், எழுந்து ஓடினேன். இரண்டு கையையும் விரித்து அளந்தால் பதினைந்து பாகம் போயிருக்கும். எட்டிப் பிடித்தவள் மனைவி. அவள் கையில் எதுவும் தப்பாது.

தூக்கிப் பார்த்தால் அடிப்பாகம் ஊறிப்போய் ஏரித் தண்ணீரின் கறை பாதிவரை ஏறியிருந்தது. கருவாடு காயும் மணலில், கருவாடு படாமல் ஓர் ஓரமாக வைத்து, இருவரும் மாறி மாறி விசிறினோம், நான் செய்த விசிறியாலேயே. காய்ந்தது. ஆனால் சுருக்கம் விழுந்தது, கறை போகவில்லை. மாற்றிச் செய்ய நேரமும் இல்லை.

கோட்டையில் துபாஷி பார்த்ததும் முகம் சுளித்தார். "இன்னாய்யா இது, முங்கி எழுந்தாப்ல?"

துரைசாணி வந்து பார்த்தாள். பாய்களைத் தொட்டாள், முடிச்சுகளை எண்ணுவதுபோல் விரலை நகர்த்தினாள். கறையருகே விரல் நின்றது. ஏதோ கேட்டாள்.

"இது இன்னா அழுக்குன்னு கேக்கறாங்க" என்றார் துபாஷி.

பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் உண்மை வந்தது. "அழுக்கு இல்லீங்க. எங்க ஊர்ல படகு கட்டினா ஏரில எறக்கிட்டுத்தான் குடுப்போம். இதுவும் பாய் விரிச்சு ஓடிச்சு. பதினஞ்சு பாகம்."

துபாஷி சொன்னார். அவள் புருவம் உயர்ந்தது. முற்றத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள்.

"கடுதாசி மெதக்காதாம். மெதக்கும்னா அதுல விட்டுக் காட்டச் சொல்றாங்க."

தொட்டியைப் பார்த்தேன். இன்னொரு முறை நனைந்தால் கப்பல் கூழாகிவிடும். மாட்டேன் என்றால் வாசல் இடம் போய்விடும். பதினைந்து நாள் வேலையையும் மனைவியின் முடிச்சுகளையும் நினைத்தேன்.

"விட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். "ஒரு படகுக்கு ஒரு தடவதான் அந்தச் சடங்கு. இதுக்கு முடிஞ்சுபோச்சு. நம்பலன்னா என் ஊர வந்து கேக்கட்டும்."

அதில் பாதி மானம், பாதி பயம்.

துபாஷி என்னை முறைத்துவிட்டு அவளிடம் பேசினார். நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாகப் பேசினார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கறையுள்ள பக்கம் வெளியே தெரியும்படிதான் பிடித்திருந்தாள்.

"சந்தைக்கு வந்து குந்து" என்றார் துபாஷி. "வெத்தலக்காரனுக்கு அந்தாண்ட."

அடுத்த சந்தை நாளில் வெற்றிலைக்காரர் வருவதற்கு முன்பே பாயை விரித்துவிட்டேன். மீன்கள், பூச்சரம், விசிறி எல்லாம் பரப்பி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அன்று விற்றது ஒரே ஒரு விசிறி. வாங்கிய சிப்பாய் அதைத் தலைகீழாகப் பிடித்து வீசிக்கொண்டு போனான். நான் திருத்தவில்லை. கடை வைத்திருப்பவன் எழுந்து ஓட முடியுமா?