மிராண்டான்னு ஒரு பேரு

உன் பேர நம்பி யாராச்சும் ஏமாந்திருக்காங்களா? என் பேர நம்பி ரெண்டு பேர் ஏமாந்துட்டாங்க. ரெண்டாவது ஆளு இன்னைக்கு மத்தியானம்.

ஹார்பர் பக்கத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேல பாக்கேன். பெரு நாட்டுக்காரர் ஒருத்தர், கப்பல் எஞ்சினியர், கையெழுத்து வாங்க வந்தாரு. என் ஐடி கார்டுல 'செரின் மிராண்டா'ன்னு பாத்ததும் மொகமெல்லாம் பல்லு. ஸ்பானிஷ்ல கொட்டுதாரு. "சாரி சார், நான் தூத்துக்குடி"ன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அந்த மொகம் அப்படியே சுருங்குச்சு பாரு... அத நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்.

எட்டாங்கிளாஸ். லூசியா. அவளும் பெருதான். அவ அப்பா ஹார்பர்ல கிரேன் மாட்டுற வேலைக்கு வந்திருந்தாரு. மொத நாள் மிஸ் அட்டென்டன்ஸ் எடுக்காங்க. ஃபெர்னாண்டோ, மச்சாடோ, கோஸ்டா. என்னைக்கோ போர்ச்சுகீஸ்காரன் ஞானஸ்நானத்தோட குடுத்துட்டுப் போன பேரு, எங்களுக்கு ரேஷன் கார்டுல இருக்கு, அவ்ளோதான் விஷயம். அவளுக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு பேருக்கும் நிமுந்து நிமுந்து உக்காருதா. என் பேர் வந்ததும் திரும்பி, கடகடன்னு ஸ்பானிஷ். நான் எந்திரிச்சு, "ப்ரசன்ட் மிஸ்."

கிளாஸே சிரிச்சுது. பின் பெஞ்ச் பெர்சி, "ஏளா, ஒன் சித்தி மவ வந்திருக்கா, சோறு போட்டியா?"

பாவமா இருந்துச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆறு மணிக்கு எங்க வீட்ல செபமாலை. முடிஞ்சதும் சின்னவங்க கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லணும், பெரியவங்க நெத்தியில சிலுவை போடுவாங்க. நான் அத ரெண்டே செகண்ட்ல முடிச்சிட்டு டிவிக்கு ஓடுற ஆளு. லூசியாவும் எனக்குப் பின்னாடி நின்னா. அம்மா றால் உரிச்ச கை, எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த வாடை போவாது. அந்தக் கையால சிலுவை போட்டாங்க. அவ்ளோதான், குலுங்கிக் குலுங்கி அழுதுட்டா. "மை மதர், சேம்"னா. அவ அம்மா அங்கன ஊர்லயே இருந்தாங்க. ஏன்னு நான் கேக்கல. நமக்கு அதெல்லாம் எங்க தோணுது.

அன்னைலேருந்து தினமும் அஞ்சரைக்கு எங்க வீட்டு கேட்ல நிப்பா. தமிழ் பத்து வார்த்த கூடத் தெரியாது, செபமாலையோட ஐம்பத்து மூணு மணியும் உருட்டி முடியுற வரைக்கும் உக்காந்திருப்பா, அந்த ஒரு சிலுவைக்காக.

கிளாஸ்ல பெர்சி விடல. "ஏளா, ஒன் வாலு எங்க?" எனக்குக் கடுப்பாயிட்டு. லூசியா மேல, பெர்சி மேல இல்ல. கேவலம்தான்.

ஒரு நாள் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, "நான் இல்லன்னு சொல்லும்மா"ன்னேன்.

"அவ டியூசன் போயிருக்கா மக்களே. நீ உள்ள வா," அம்மா கேட்ல நின்னு சொல்லுதாங்க. அப்புறம் கேட் சாத்துற சத்தம்.

அம்மா உள்ள வந்து, "ஒன் செருப்பு வாசல்ல கெடக்கு. அவ அதத்தான் பாத்துட்டு நின்னா."

"சிலுவையாச்சும் போட்டியா?"

"கைய நீட்டுனேன். வேண்டாம்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டா."

அப்புறம் அவ வரவே இல்ல. கிளாஸ்லயும் எடம் மாறி உக்காந்தா. முழுப்பரீட்ச லீவுல அவ அப்பா வேல முடிஞ்சு ரெண்டு பேரும் ஊருக்குக் கெளம்பிட்டாங்க. ஒரு சாரி, அது கூட என் வாயிலேருந்து வரல.

இப்ப அம்மா மஸ்கட்ல, அண்ணன் புள்ளயப் பாத்துக்கப் போயிருக்காங்க. செபமாலை ஆணியில தொங்குது. சாயங்காலம் ஆனா வாட்ஸப்ல ஒரு சிலுவை எமோஜி வரும். அதுக்கு றால் வாடை கெடையாது.

மணி ஆறே கால். வாசல்ல என் செருப்பு மட்டும் கெடக்கு.