பட்டன் எந்தப் பக்கம்

யார் கடைக்குள் நுழைந்தாலும் இஞ்ச் அக்காவின் கண் முதலில் அவர்களுடைய இடுப்புக்குத்தான் போகும். முகமெல்லாம் பிறகுதான். உதடு லேசாக அசையும். "முப்பத்தாறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் "வாங்க, உட்காருங்க" என்ற பேச்சே.

மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் உண்டு. பள்ளியில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பியபோதும் அம்மா இதைத்தான் செய்தார். மகள் பட்டம் வாங்கிய அன்றும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மேடையில் சிறப்பு விருந்தினர் நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருக்க, கூட்டத்தில் இருந்த இஞ்ச் அக்கா கணவர் காதில், "நாப்பத்திரெண்டு. பெல்ட்டை இறுக்கி நாப்பதுன்னு காட்டுறார்" என்றார். பேருந்து ஓட்டுநரான அந்த மனிதர் சிரிப்பை அடக்கமுடியாமல் இரும, பக்கத்து வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படிக்குக் கீழே, நகலகத்துக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவே, இரண்டு தையல் இயந்திரம் கொள்ளும் ஓர் அறை. புதுத்துணி தைக்க யாரும் அங்கே வருவதில்லை. அறுந்த ஜிப், நீளமான பேண்ட், சுருங்கிப்போன இடுப்பு, இவைதான் வரும். இஞ்ச் அக்காவிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். நகலகக்காரர் ஒருநாள் இரண்டு தாள் இலவசமாக எடுத்துக் கொடுத்தால், மறுநாள் அவர் கடைத் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கப்பட்டிருக்கும். தையலால் திருப்பிக் கொடுத்துவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவர் தன் உடுப்பைத் தானே பிரித்து அகலமாக்கத் தொடங்கினார். முதலில் ஓர் இஞ்ச், பிறகு இரண்டு, பிறகு மூன்று. வயசாகுது, சதை போடுது என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் முறை பிரிக்கும்போதுதான் அவரே ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். இடுப்பைப் பெரிதாக்கிய அதே வாரம் கையைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. கை தேய்கிறது, வயிறு வளர்கிறது. அப்படி ஓர் அளவை இருபத்தைந்து வருடத் தொழிலில் அவர் பார்த்ததில்லை. "இது சதை இல்ல, வேற ஏதோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவரே கிளம்பி மருத்துவமனைக்குப் போனார்.

வயிற்றில் இருந்தது தண்ணீர். கல்லீரல் சுருங்கி, முடிச்சு முடிச்சாக இறுகிப் போயிருந்தது. உடம்பே தன் கல்லீரலை எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். மருந்தால் தள்ளிப்போடலாம். மாற்றுக் கல்லீரல் கிடைத்தால் பிழைக்கலாம். கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கணவருக்கும் மகளுக்கும் சோதனை செய்து பார்த்தார்கள். ரத்த வகை இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை.

கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்பது தெருவின் தீர்ப்பு. சொட்டுக்கூடத் தொடாத இஞ்ச் அக்காவைப் பார்த்து இரண்டு பேர் கடைவாசலிலேயே குசுகுசுத்தார்கள். மகளுக்கு ரத்தம் கொதித்தது. இஞ்ச் அக்காவோ, "நீ மூணு வருஷம் முக்கி முனகிப் படிச்சு ஒரு பட்டம் வாங்கின. நான் வீட்டுல உட்கார்ந்தே வாங்கிட்டேன் பாரு, குடிகாரின்னு" என்று சொல்லி, சிரிக்கச் சிரிக்க வயிற்றில் தண்ணீர் குலுங்குவதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

மகள் படித்தது புள்ளியியல். ஒரு கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை. வீட்டில் வேறு யாருக்கும் புரியாத அறிக்கைகளைப் படிப்பது அவள் பொறுப்பாயிற்று. காத்திருப்போர் வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பதை ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் ஓர் எண் வைத்து முடிவு செய்வார்கள். மருத்துவமனையில் எல்லோரும் அதை மார்க் என்றே சொன்னார்கள். முதல் தடவை அறிக்கை வந்தபோது இஞ்ச் அக்கா ஆவலாகக் கேட்டார்.

"எவ்வளவு?"

"பதினேழும்மா. நாப்பதுக்கு."

"பாஸா?"

மகள் விளக்கினாள். மார்க் ஏற ஏற உடம்பு மோசம் என்று அர்த்தம். ஆனால் வரிசையில் மேலே போவதும் அதனால்தான். இஞ்ச் அக்கா விரலை மேலும் கீழும் ஆட்டி அதைக் கணக்குப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ மக்குதான் முதல் பெஞ்சுல உட்காருமா? இது எனக்குன்னே வெச்ச பரீட்சை."

அன்றிலிருந்து மகளுக்கு அந்த வீட்டில் பட்டதாரி என்றே பெயர். "பட்டதாரி, மார்க் வந்துடுச்சா?" என்று கடையிலிருந்து குரல் வரும். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. ஒவ்வொரு எண்ணையும் மகள் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைத்தாள். கோடு மேலே போவதைப் பார்க்கும்போது சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. தன் படிப்பு அம்மாவுக்கு என்னதான் செய்கிறது என்றும் தோன்றும். புள்ளி வைப்பதால் கல்லீரல் கிடைத்துவிடுமா?

மற்றபடி வீடு நன்றாகவே இருந்தது. உப்பில்லாத சாப்பாட்டை மூன்று பேருமே சாப்பிட்டார்கள். முதல் வாரம் ஓட்டுநர் டிப்போவில் போய்த் திருட்டுத்தனமாக உப்பு போட்டுச் சாப்பிட்டு வர, "வாயில உப்பு வாசனை வருது, எவகிட்ட போனீங்க?" என்று இஞ்ச் அக்கா விசாரித்தார். வயிறு சுத்தமாகக் கழிய வேண்டும் என்று ஓர் இனிப்பு மருந்து கொடுத்திருந்தார்கள். அதைக் குடித்துவிட்டால் கழிவறைக்கும் கடைக்கும் ஓட்டமோ ஓட்டம்தான். வாடிக்கையாளர் நிற்க, "ஒரு நிமிஷம், மேலிடத்துல கூப்பிடுறாங்க" என்று எழுந்து போவார்.

அந்த மருந்து எதற்கு என்றால், கல்லீரல் வடிகட்டாமல் விடும் நஞ்சு மூளைக்கு ஏறக் கூடாது என்பதற்காக. ஏறினால் மனம் குழம்பும், கை உதறும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, தினமும் காலையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள் என்றார் மாற்று அறுவைக்கான ஒருங்கிணைப்பாளர் அம்மா. எழுத்து கோணினால் உடனே கூட்டி வர வேண்டும்.

"என் கையெழுத்து நல்லா இருக்கிறப்பவே கோணல்தாங்க" என்றார் இஞ்ச் அக்கா. "அதுக்குப் பதிலா ஒரு தையல் போட்டுக் காட்டட்டுமா?"

ஒருங்கிணைப்பாளர் ஒரு கணம் யோசித்து, சரி என்றார். அந்தப் பேச்சு முடிவதற்குள் அவருடைய கைப்பையில் சிக்கிக் கிடந்த ஜிப் சரியாகியிருந்தது.

அப்படியாக, தினமும் காலையில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டையில் ஒரு முழ நீளத்துக்கு, கோடு போடாமல், கண்பார்வையிலேயே ஒரு நேர்த்தையல். மகள் அதன்மேல் அளவுகோலை வைத்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பாள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐந்து மில்லிமீட்டர் விலகினால் அபாயம் என்று ஓர் எல்லையையும் அவளே வகுத்துக்கொண்டாள். எல்லை என்று ஒன்று இருந்ததில் அவளுக்கு நிம்மதி.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல் நான்கு மில்லிமீட்டர் விலகியிருந்தது. முந்தின இரவு அம்மா சரியாகத் தூங்கவில்லை. நான்குதானே, ஐந்து இல்லையே என்று மகள் துணியை மடித்து வைத்துவிட்டு அலுவலகம் போய்விட்டாள்.

மதியம் நகலகக்காரர் தொலைபேசியில் அழைத்தார். தபால்காரர் காலையில் கொடுத்த சீருடைப் பேண்டை வாங்க வந்திருக்கிறார். உயரம் குறைக்கத்தான் கொடுத்திருந்தார். இஞ்ச் அக்கா இரண்டு காலையும் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை ஒரே குழாயாகத் தைத்து, ஓரம்கூட அடித்து, அழகாக மடித்துக் கொடுத்திருக்கிறார். "அக்கா, நான் இனிமே குதிச்சுக் குதிச்சுத்தான் தபால் போடணுமா?" என்று அவர் கேட்க, இஞ்ச் அக்கா அவரையே வெறித்துப் பார்த்தாராம். இடுப்பைப் பார்த்தாராம். எண் வரவில்லையாம்.

எண் வரவில்லை என்று கேட்டதும் மகள் எழுந்தாள். அலுவலகத்திலிருந்து எப்படிக் கடைக்கு வந்தாள், தபால்காரரும் நகலகக்காரரும் எப்படி அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் பிறகு அவளுக்குக் கோர்வையாக நினைவுக்கு வரவில்லை. மடித்து வைத்த அந்தப் பட்டைத் துணியை மட்டும் கையில் பிடித்திருந்தாள்.

இரண்டு நாளில் மருந்து வேலை செய்தது. மூன்றாம் நாள் காலை இஞ்ச் அக்கா கண்ணைத் திறந்து, கட்டிலைத் தாண்டிப்போன வார்டு உதவியாளரைப் பார்த்து, "முப்பத்திநாலு" என்றார். மகள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். நான்கு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர், எல்லாம்.

"அஞ்சு மில்லின்னு எந்த டெய்லர் சொன்னான்?"

"நானாத்தான் வெச்சேன்."

"என் தையல் ஒரு நூல் விலகினாலே நான் நானா இல்லன்னு அர்த்தம். அதுக்கு என்கிட்ட கேட்டிருக்கணும். சரி விடு. தபால்காரர் பேண்டை யார் பிரிச்சா?"

"யாரும் பிரிக்கலம்மா. அவர் அதை மாட்டி வெச்சிருக்காராம், எல்லாருக்கும் காட்டுறதுக்கு."

அந்த வார மார்க் முப்பத்தொன்று. இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது, வரிசையில் இரண்டாம் இடம், சீக்கிரம் கிடைத்தால் நல்லது என்றார் அறுவை மருத்துவர்.  மகள் வரைபடத்தில் புள்ளி வைப்பதை அன்றோடு நிறுத்தினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையால் தையல் போடக் கற்றுக்கொண்டாள். அவள் போட்ட முதல் கோட்டைப் பார்த்து, "இதைப் பார்த்தா உன்னையும் அட்மிட் பண்ணிடுவாங்க, மறைச்சு வை" என்றார் இஞ்ச் அக்கா.

ஒன்பதாம் நாள், பகல் பதினொரு மணி. வராந்தாவில் ஒருங்கிணைப்பாளர் வேகமாக வருவதை இஞ்ச் அக்காதான் முதலில் பார்த்தார்.

"பைக்கு ஜிப் போட்டுக் கொடுத்தும் திறந்து போட்டுக்கிட்டு ஓடி வர்றாங்க பாரு. ஏதோ இருக்கு."

இருந்தது. வேறோர் ஊரில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல். குடும்பத்தார் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ரத்த வகை சரி, வரிசையில் முதல் ஆளுக்கு உடம்பு அளவு ஒத்துவரவில்லை, இவருக்கு அப்படியே பொருந்தும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் இஞ்ச் அக்கா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஓட்டுநர் அப்போது பேருந்தில் இருந்தார். டிப்போ வழியாகச் செய்தி போயிற்று. பயணிகளை நடுவழியில் இறக்கிவிடும் ஆள் அவரில்லை. எல்லா நிறுத்தத்திலும் நின்று, மருத்துவமனை நிறுத்தத்தில் மாற்று ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு அவர் படியேறி வந்தபோது மனைவியைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அவர் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இஞ்ச் அக்காதான் பேசினார்.

"நான் வர்றதுக்குள்ள உப்பு டப்பாவைக் காலி பண்ணிடாதீங்க. எனக்கும் வேணும்."

ஒன்பது மணி நேரம். தகப்பனும் மகளும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கையில் ஊசியும் பட்டைத் துணியும். ஓட்டுநர் வலது காலால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மாலை சுவாசக் குழாயை எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருவரும் நிற்க, அறுவை மருத்துவர் கட்டிலருகே போய்க் குனிந்து ஏதோ கேட்டார். இஞ்ச் அக்காவின் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. உதடு அசைந்தது. மருத்துவர் புரியாமல் திரும்பிப் பார்த்தார். வெளியே இருந்த மகளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் புரிந்தது. முப்பத்தெட்டு. அவள் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்துக் காவலாளி ஓடிவந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். டாக்டர் இடுப்பு அளவுதான் என்று ஓட்டுநர் சொன்ன பதில் காவலாளிக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

நான்காம் மாதம் கடை திறந்தது. இஞ்ச் அக்கா முகக்கவசத்தோடு, வாடிக்கையாளரை வாசலிலேயே நிறுத்தி, தூரத்திலிருந்தே அளவு சொன்னார். அவருடைய இடுப்பு பழைய முப்பத்திரண்டுக்குத் திரும்பியிருந்தது. பிரித்து அகலமாக்கிய உடுப்பையெல்லாம் மறுபடி பிடித்துத் தைத்தார். பிறகு கடன் தீர்க்கும் வேலை தொடங்கியது. அறுவை மருத்துவரின் மேலங்கியில் கிழிந்திருந்த பை சரியானது. வார்டு செவிலியர் ஆறு பேரின் சீருடை அளவு பிடிக்கப்பட்டது. தபால்காரருக்குப் புதுப் பேண்டே தைத்துக் கொடுத்தார், இரண்டு காலோடு.

மிச்சம் ஒன்றே ஒன்று. கல்லீரல் தந்தவர் யார், எந்த ஊர், என்ன வயது என்று சொல்ல மாட்டார்கள். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதித் தந்தால் அந்தக் குடும்பத்திடம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். மகள் எழுதினாள். நான்கு தடவை எழுதினாள். நான்காவதை அம்மா அனுப்பச் சம்மதித்தார். ஆனால் அதோடு அவர் மனம் ஆறவில்லை. "காகிதம் நீ எழுதினது. நான் என்ன கொடுத்தேன்?"

ஒருநாள் மாலை மகள் வேலையிலிருந்து வந்தபோது கடையில் புதுத்துணி விரிந்து கிடந்தது. வெளிர்நீலப் பருத்தி. இஞ்ச் அக்கா சட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா?"

"அவங்களுக்குத்தான். ஈரல் எனக்குப் பொருந்தியிருக்குன்னா ஏறக்குறைய என் அளவுதானே இருந்திருப்பாங்க? அந்த வீட்டுல யாராவது போட்டுக்கட்டும்."

இப்படி அளவு பிடிக்க எந்தப் புள்ளியியலும் தனக்குக் கற்றுத் தரவில்லை என்று மகள் நினைத்தாள். பொருளெல்லாம் கொடுத்தனுப்ப விடமாட்டார்கள் என்று தெரிந்தும், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தோளும் கையும் காலரும் இரண்டு நாளில் முடிந்தன. மூன்றாம் நாள் இயந்திரத்தின் சத்தம் நின்றுபோயிற்று. மகள் எட்டிப் பார்த்தாள். இஞ்ச் அக்கா ஆறு பட்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆம்பளைச் சட்டைன்னா பட்டன் வலது பக்கம். பொம்பளைச் சட்டைன்னா இடது பக்கம். எந்தப் பக்கம் வைக்கட்டும், பட்டதாரி?"

மகள் சட்டையைக் கையில் வாங்கி, பட்டன் இல்லாத இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

வெளிர்நீலச் சட்டை கடையில் இரண்டாவது இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் நல்லா இருக்கே, விலைக்கா என்று கேட்கிறார்கள். இஞ்ச் அக்கா வாரம் ஒருமுறை அதை எடுத்துத் தூசி தட்டி, தேய்த்து, திரும்ப மாட்டுகிறார். ஆறு பட்டனும் அதன் பையிலேயே கிடக்கின்றன.