பதினோராவது முட்டை

பேய், கண்ணூறு என்று எவராவது கதை தொடங்கினால் மெல்ல எழும்பித் தேநீர் போடப் போய்விடுகிற ஆள் நான். நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி, அதனால் விளக்கம் சொல்லவும் வராது. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. கடல்கடந்து வந்த இந்தப் பிரெஞ்சு பேசுகிற நகரத்தில், வில்லரேப் பக்கம் ஒரு பேஸ்மென்ற் வீட்டில் தனியாக இருந்தேன். மனைவி பவானி திருகோணமலையில். கல்யாணம் கட்டி ஐந்து மாதம் ஒன்றாக இருந்தோம், பிறகு ஏழு வருடம் போனில் இருந்தோம். அவளை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் கடுதாசிகள் எந்த மேசையில் கிடந்தனவோ தெரியாது. எனக்கு லவாலில் செல்லப்பிராணிக் கடையொன்றில் கூடு கழுவுகிற வேலை. அந்த மே மாதம் முதலாளி கடையை மூடியபோது, விற்காமல் மிஞ்சிய ஒரு கோர்ன் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு என் கையில் தந்துவிட்டார். செம்மஞ்சள் உடம்பு, சிவந்த திட்டுகள், விஷமில்லாத சாது. வேண்டாம் என்று பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வெட்கம். “மெர்சி” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது வயிற்றில் முட்டையோடு வந்திருந்தது அவருக்கே தெரியாது. யூன் முதல் கிழமை பதினொரு முட்டை இட்டது. ஐஸ்கிறீம் டப்பாவில் ஈரப் பாசி பரப்பி, மூடியில் துளை போட்டு, சுடுதண்ணீர்த் தொட்டி நிற்கிற அலுமாரிக்குள் வைத்தேன். அங்கே எப்போதும் ஒரே இளஞ்சூடு.

ஊரில் எங்கள் வீட்டில் அடைக்கோழி முட்டையைப் புரட்டுவதைப் பார்த்தவன் நான். ஆகையால் காலையும் மாலையும் பதினொன்றையும் கவனமாக உருட்டிவிட்டேன், பெரிய சேவை செய்கிறேன் என்ற நினைப்பு. எட்டாம் நாள் முதலாளிக்குப் போன் எடுத்து இனி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் முதலில் சொன்னதே, எதையும் செய், முட்டையை மட்டும் புரட்டிவிடாதே, உள்ளே குஞ்சு செத்துப்போகும் என்பதுதான். நான் உருட்டியதை அவரிடம் சொல்லவில்லை. வெட்கத்தில் பவானியிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் மனதில் ஒரு கிறுக்கு எண்ணம் விழுந்தது: இந்தப் பதினொன்றும் பொரித்தால் பவானி வந்து சேர்வாள். ஒன்று கெட்டாலும் வரமாட்டாள். எதையும் நம்பாதவன் என்று மேலே எழுதினேன்தான், ஆனால் தனியே இருந்து பாருங்கள்.

ஞாயிறுதோறும் காலை எட்டரைக்கு ரெலிபோன் கார்ட் போட்டுப் பவானிக்கு எடுப்பேன். அவள் தன் தெருவில் காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிக்கேசன் கடையில் காத்திருப்பாள். அங்கே மாலை ஆறு மணி.

“இஞ்சேருங்கோ, நான் வாறதுக்கு முன்னம் உந்தப் பூச்சியை எங்கையாவது குடுத்திட வேணும்.”

“பூச்சியோ? பாம்பு எண்டு சொல்லன்.”

“ஐயோ, விளக்கு வைக்கிற நேரம் அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ. கேட்டால் வந்திடும்.”

“இஞ்ச காலமை எட்டரையப்பா.”

“உங்களுக்குக் காலமை. பொழுதுபட்டது எனக்கல்லோ.”

லைனில் எப்போதும் ஒரு தாமதம். நான் சிரித்து முடித்த பிறகுதான் அவள் சிரிப்பு வந்து சேரும், இருவர் சொல்லும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

யூலை கடைசியில் அங்கே மறுபடி சண்டை. இரண்டு ஞாயிறு கொமினிக்கேசனில் எவரும் போனை எடுக்கவில்லை. நான் சாப்பிடுவதையும் மறந்து அலுமாரிக் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட்டில் முட்டைகள் வெடித்தன. பத்து முட்டைகளில் கீறல் விழுந்து, பத்து மூக்குகள் எட்டிப் பார்த்தன. பதினோராவது குழிவிழுந்து, அசைவில்லாமல் கிடந்தது. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, அதைக் கையில் எடுத்துக் குப்பைவாளியைத் திறந்தேன். போன் அடித்தது.

“இஞ்சேருங்கோ, எறியாதேங்கோ.”

பவானி. அவள் எனக்கு ஒருநாளும் போன் எடுத்தவளில்லை.

“எங்கை நிக்கிறாய்? சுகமே?”

“நான் இருக்கிறன். முதல் அதைப் பாருங்கோ. நீங்கள் உருட்டின உருட்டில அந்தப் பாம்புக்குஞ்சுக்கு மேல் எது கீழ் எது எண்டு தெரியாமப் போச்சு. தலை அடிப்பக்கம் கிடக்குது. அதிலை மெல்லக் கீறுங்கோ.”

“ஒரு கையில போன் இருக்குதப்பா.”

“அப்ப போனை வைச்சிட்டு ரெண்டு கையாலையும் செய்யுங்கோ. நான் போகமாட்டன்.”

நகக் கத்தரிக்கோலால் முட்டையின் அடியில் ஒரு விரற்கடை கீறினேன். வழவழவென்று நீர் வந்தது, பின்னால் ஒரு சிறு மூக்கு வந்தது, நாக்கை நீட்டியது. போனை எடுத்தேன்.

“வந்திட்டுதே?”

“ஓம்.”

அவள் சிரித்தாள். நான் சிரித்த அதே கணத்தில், தாமதமில்லாமல், பக்கத்து அறையில் இருப்பவளைப்போல. பிறகு லைனில் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு அண்ணையின் கைத்தொலைபேசியிலிருந்து அவள் அழைத்தாள். மூன்று கிழமையாக ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தாளாம். அந்தப் புதன்கிழமைப் போனைப் பற்றிக் கேட்டேன்.

“போனோ? குடிக்கத் தண்ணியே இல்லை, போனுக்கு எங்கை போறது? கனவு கண்டனீங்களாக்கும்.”

கனவாக இருக்கலாம், ஏக்கத்தில் காது ஒலித்திருக்கலாம். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் எங்கே கீறுவதென்று எனக்குத் தெரியாது. உருட்டிய கதை என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. அங்கே பொழுதுபட்ட அந்த நேரத்தில் பவானி ஒருபோதும் பாம்பு என்று சொல்லமாட்டாள், அந்தக் குரல் சொன்னது. இதெல்லாம் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம் பவானி வந்தாள். பாம்புகளை அவள் வருமுன்பே கொடுத்துவிட்டேன். நல்லவள், இருவரும் சண்டையில்லாமல் இருக்கிறோம். இருந்தும் ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் பக்கத்தில் இருக்கும்போதே, போகமாட்டன் என்ற அந்தக் குரலுக்காகச் சில காலைகளில் மனம் ஏங்குகிறது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு காலை, அவள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். போன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

“எடுமன், பவானி.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வெட்டுவதையும் நிறுத்தவில்லை.

“அது எனக்கில்லை. உங்களுக்கு.”

ஓயும்வரை அடித்தது. நான் போய் எடுக்கவில்லை. எப்படித் தெரியும் என்று அவளிடம் இன்னும் கேட்கவுமில்லை.