குரங்கு, கப்பி, கடைவாய்ப்பல்

ஐம்பத்தொரு வயதில் நான் காப்பியடித்தேன். பள்ளிக்கூடத்தில்கூடச் செய்யாத காரியம். அங்கே செய்யாததற்குக் காரணம் நேர்மை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னைவிட மக்கு. இந்த வயதில் காப்பியடித்தது சொந்த வீட்டில், சொந்த மகளை ஏமாற்றுவதற்காக. மூன்று மாதம், நாள் தவறாமல். கணக்குகளின் விடைகள் இருந்த சின்னப் புத்தகத்தைக் குளியலறையில் சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கதவைத் தாழிட்டு, ஈரத்தரையில் நின்றபடி அன்றைய விடைகளை மனப்பாடம் செய்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேதையாக வெளியே வருவேன்.

என் மகள் பல் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டாள். இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஓர் அனுதாபம் வரும், ஏதோ டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு மாதிரி. அவளுக்கு அப்படி இல்லை. எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தது. தொம்மலூரில் எங்கள் தெருமுனையில் இருந்த பல் டாக்டரம்மா அரை மணி நேரத்தில் அதைச் சரி செய்தார். பாதிப் பல்லோடு உள்ளே போனவள் முழுப் பல்லோடு வெளியே வந்தாள், அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைத்தான் பார்ப்பாள். உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை.

பல்லுக்கும் இதயத்துக்கும் ஒரே நுழைவுத் தேர்வுதான், நீட். முதல் தடவை எழுதியதில் அரசுக் கல்லூரி கைக்கெட்டாமல் போனது. இன்னும் ஒரே ஒரு வருடம் வீட்டிலிருந்து படிக்கிறேன், அதிலும் வராவிட்டால் பேசாமல் பி.காம் சேர்ந்துவிடுகிறேன் என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வருடத்தைத் தனியாக அவளிடம் விட்டிருக்கலாம். நான் உதவப் போனேன்.

பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் தினமும் காலையில் யாராவது ஓர் அப்பா ‘இன்றைய கொலைகாரக் கேள்வி’ என்று ஒன்றைப் போடுவார். பத்து அப்பாக்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒருவரும் விடை சொல்ல மாட்டார்கள். தங்கள் பிள்ளைகள் அதைக் காபி ஆறுவதற்குள் போட்டுவிட்டதாக மட்டும் சொல்வார்கள். எனக்கு அந்தக் குழுவைப் பார்த்தாலே உடம்பு அரிக்கும். ஆனாலும் விலகவில்லை. சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதே. அங்கேதான் அந்தத் தத்துவம் எனக்குள் இறங்கியது: இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கான மகா கஷ்டமான கணக்குகளைப் போட்டுப் பழகினால், நீட்டில் வரும் இயற்பியல் ஜுஜுபி.

சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடையில் அப்படிப்பட்ட கணக்குகள் அடங்கிய மூன்று தொகுதிகள் கிடைத்தன. கூடவே, வழிமுறைகளோடு விடைப் புத்தகம் ஒன்று. கடைக்காரர் மேலட்டையை ஒரு தட்டுத் தட்டி, “லேலோ சாப், எடுத்துக்கங்க, இத முடிச்ச பசங்க எல்லாம் இப்போ ஃபாரின்ல இருக்காங்க” என்றார். முடிக்காதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. புத்தகம் அவர்களில் ஒருவனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். பக்கத்துக் கறிக்கடையின் கொழுப்பு வாடை அதில் ஊறியிருந்தது. சுழல் இயக்கம் பற்றிய அத்தியாயத்தில் கரப்பான்பூச்சியின் கால் ஒன்று, முட்களோடு. வெப்பவியலில் இரண்டு பக்கங்கள் எதனாலோ ஒட்டிக்கொண்டிருந்தன. எதனால் என்று ஆராய எனக்குத் தைரியம் இல்லை. முந்தைய சொந்தக்காரன் ஓரங்களில் தலைமுடியையும் கெட்ட வார்த்தைகளையும் விட்டுப் போயிருந்தான்.

கணக்குகள் அதைவிட அசிங்கம். ஒரு லிஃப்ட் மேலே போகிறது. அதன் கூரையில் ஒரு கப்பி. கப்பியில் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் குரங்கு ஏறுகிறது, மறுமுனையில் ஒரு பெட்டி தொங்குகிறது. குரங்கு பாதியில் வாழைப்பழத்தைக் கீழே போடுகிறது. கயிற்றின் இழுவிசை என்ன? அந்தக் குரங்குக்குப் பல்வலி என்றாவது போட்டிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஊரில் யாருக்காவது கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டுமென்றால், பிடுங்குகிறவர் முதலில் இந்தக் குரங்கைத் தாண்டி வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை நினைத்து அருவருப்பாக இருந்தது. இருந்தும் அந்தக் கணக்கை மகள் முன்னால் வைத்தேன்.

ஐந்தரை மணிக்கு ஆரம்பிப்போம். நாளுக்குப் பத்துக் கணக்கு. அவள் திணறுவாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இங்க குடும்மா” என்று பென்சிலை வாங்குவேன். உடனே போட்டுவிட மாட்டேன், அது நடிப்புக்கு அழகல்ல. கூரையைப் பார்ப்பேன். நெற்றியைத் தேய்ப்பேன். ஒரு வரி எழுதி, அடித்து, ‘அட’ என்பேன். பிறகு குளியலறையில் உருப்போட்டதை ஒப்பிப்பேன். என் இயற்பியல் பி.யூ.சி.யில் முப்பத்தெட்டு மதிப்பெண்ணோடு நின்றுவிட்டது. அது மகளுக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியும். தங்கவயல்காரியான அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள், எதையும் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்துவிடுவாள். சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு மாவை உருட்டப் போய்விடுவாள்.

மூன்று மாதம் முடிந்ததும் மகள் ஒரு மாதிரித் தேர்வு எழுதினாள். போன வருடத்தைவிட மதிப்பெண் குறைந்திருந்தது. அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. கேள்வித்தாளைப் பார்த்தேன். இருபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விடுகிறார்கள், தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கேள்வி. எனக்கே தெரியும், இரண்டு வினாடி. அவள் அதற்குப் பதினோரு நிமிடம் செலவழித்திருந்தாள். இவ்வளவு சுலபமாக ஒரு கேள்வி இருக்க முடியாது, எங்கேயோ கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று தேடியிருக்கிறாள். காற்று, பூமியின் சுழற்சி, எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதிப் பார்த்திருந்தாள். கடைசி நாற்பது கேள்விகளைப் படிக்கவே நேரம் இல்லை.

மறுநாள் காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் பி.காம் சேந்துடறேம்ப்பா” என்றாள்.

ஒரு தேர்வுதானே என்று ஏதோ சொன்னேன்.

“அது இல்லப்பா. நீங்க காலேஜ் விட்டு முப்பது வருஷம் ஆச்சு. உங்களுக்கே எல்லாம் வருது. எனக்கு ஒண்ணுகூட வரல. நான் மக்குதான்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு போதுமானதாக இருந்தது. எழுந்து குளியலறைக்குப் போய், நனைந்து உப்பிப்போயிருந்த விடைப் புத்தகத்தை எடுத்து வந்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் அதை ஒரு விரலால் திறந்தாள். சலவைத்தூள் உதிர்ந்தது.

“எல்லாமே இதுலேர்ந்தா?”

“எல்லாமே.”

“அந்தக் குரங்குக் கணக்கு?”

“அதுவும்.”

“அன்னிக்கு ரெண்டு தடவ தப்பாப் போட்டு அடிச்சீங்களே?”

“அது சும்மா. நம்பறதுக்கு.”

அவள் என் வாயைப் பார்க்கவில்லை, முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். “ச்சீ” என்றாள். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. சோற்றில் பல்லியைப் பார்த்தவர்கள் சொல்வார்களே, அப்படி. எழுந்து கை கழுவிக்கொண்டு போனாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் ஒரு பழைய கேள்வித்தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்து, இயற்பியல் பகுதியை மட்டும் எழுதச் சொன்னாள். விடைகள் அவளிடம் இருந்தன. நாற்பத்தைந்து கேள்வி, சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும். அதுவரை அவள் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வியர்த்தது. மூன்று கேள்வியை விட்டுவிட்டு மீதியை எழுதினேன். ஏழு சரி, முப்பத்தைந்து தப்பு. சிவப்புப் பேனாவால் மேலே ‘மைனஸ் ஏழு’ என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே மூச்சும் சீராக வந்தது. பி.காம் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

மீதி மாதங்களில் என்னை மேசைப் பக்கம் அண்டவிடவில்லை. பாடப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தாள். கஷ்டமான கணக்குகளையும் விடவில்லை, ஆனால் தேர்ந்தெடுத்தது அவள். பழைய கேள்வித்தாள்களில் தான் தவறவிட்டவற்றை ஒரு நோட்டில் எழுதி, தினமும் மூன்றைத் திரும்பப் போட்டாள். அவளுக்குக் கஷ்டமானவை. எனக்குப் பெருமை தருபவை அல்ல.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

சேர்க்கை நாளன்று சான்றிதழ் சரிபார்ப்புக்காகப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அப்பாக்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர் அத்திபெலேயில் டயர்க் கடை வைத்திருப்பவர். அவர் மகளும் முதல் தடவை தவறவிட்டு இந்த வருடம் வந்தவள்தானாம். அவர் கேட்காமலேயே, நாங்கள் எப்படித் தயார் செய்தோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தரை மணி, தினம் பத்து, இன்ஜினியரிங் தரத்துக் கணக்குகள். குளியலறையைச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இனித்தது. இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு இதைவிடக் கேவலமான அத்தாட்சி வேண்டாம். முடித்ததும், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பெருந்தன்மையோடு கேட்டேன்.

அவர் சட்டைக் கையில் இருந்த கிரீஸ் கறையைச் சுரண்டியபடி யோசித்தார்.

“நமக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்” என்றார். “அதனால புள்ள பொழைச்சிக்கிச்சு.”