ஸ்டெல்லா என்ற வாத்தும் அல்போன்ஸ் என்ற ஆளும்

அசிங்கமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆபீஸ் வாட்ஸப் க்ரூப்பில் இன்று காலை டிரைவர் மஞ்சு "அல்போன்ஸ் நோ மோர்" என்று போட்டார். நான் உடனே "டேக் கிடைச்சுதா?" என்று பதில் போட்டேன்.

நான் நினைத்தது வாத்தை. செத்தது மனுஷன். அவர் மகளும் அந்த க்ரூப்பில் இருக்கிறாள்...

வலசை வரும் பறவைகளைக் காப்பாற்ற நாலைந்து நாடுகள் சேர்ந்து நடத்திய ப்ராஜெக்ட் அது. எங்கள் பங்குக்கு அடுகோடியில், ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே ஆபீஸ். அல்போன்ஸ் சார் மேனேஜர். நான் கம்ப்யூட்டரில் வாத்துகளைப் பின்தொடர்கிறவள்.

குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும் வரித்தலை வாத்துகளின் முதுகில் இடம் காட்டும் டேக் கட்டிவிடுவோம். அவை இமயமலையைத் தாண்டி மங்கோலியா போய்ச் சேரும் வரை மேப்பில் பார்ப்போம்.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். தேடினேன்... இரண்டு தான் கிடைத்தது. நல்ல கையெழுத்து.

மைக் கிடைத்தால் "பறவைகளுக்கு ஏது எல்லை" என்று உருகுவார். தன் பைனாகுலரைப் பக்கத்து டேபிள் வரை கொண்டுபோக விடமாட்டார்.

ஒரு நாள் லேட்டாகப் போனேன்.

"ஏம்மா, மங்கோலியாலேர்ந்து வாத்து கரெக்டா டைமுக்கு வருது. சந்தாபுராலேர்ந்து உனக்கு வர முடியலையா?"

"வாத்து சில்க் போர்டு ட்ராஃபிக் வழியா வர்றதில்ல சார்."

மஞ்சு சிரித்துவிட்டார். அங்கே பிடித்தது வினை.

அந்த வருஷம் டேக் கட்டியதிலேயே குண்டான வாத்துக்கு "ஸ்டெல்லா" என்று என் பெயரை வைத்தார். அந்தச் சனியன் கிளம்பியதும் எல்லாவற்றுக்கும் கடைசியாக. "ஸ்டெல்லா ஓவர்வெயிட், ஸ்டார்ட்டிங் லேட்" என்று எல்லா நாட்டுக்கும் மெயில் போனது.

பழிக்குப் பழி... பக்கத்தில் வருவதையெல்லாம் கொத்திய ஒரு வாத்துக்கு நான் "அல்போன்ஸ்" என்று வைத்தேன்.

மங்கோலியாவில் எங்களுக்கு இருந்தது ஒரே ஆள், ஒயுனா. அந்தப் பெண்ணோடும் இவருக்குச் சண்டை. வீடியோ காலில் இவர் "எங்கள் வாத்து" என்றார். "பிறந்தது இங்கே" என்றாள் அவள். "சோறு போடுவது நாங்கள்" என்றார் இவர்.

ரிப்போர்ட்டில் எந்த நாட்டின் பெயர் முதலில் என்பதில் வந்து நின்று, பேச்சே நின்றுபோனது. சம்பந்திகள் தோற்றார்கள். இவர் வாத்துகளின் மேப்பையும் அவள் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, மங்கோலியாவில் ஒரு ஏரியில் ஸ்டெல்லா நகராமல் நின்றுவிட்டது. டேக்கில் சின்னச் சின்ன அசைவு மட்டும் தெரிந்தது. உயிர் இருக்கிறது, எதிலோ மாட்டியிருக்கிறது. யாராவது உடனே போக வேண்டும். இடம் தெரிந்தது எங்களுக்கு மட்டும்.

"ஒயுனா கிட்ட சொல்லிடலாம் சார்."

"அந்தம்மா கிட்டயா? அதெல்லாம் பேடா, வேணாம். போய் வேலையப் பாரு."

என் பெயர் வைத்த ஜீவன்... பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சார் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் ஒயுனாவுக்கு இடத்தைக் குறித்து மெயில் தட்டிவிட்டேன்.

மறுநாளே ஆபீஸுக்குப் போட்டோ வந்தது. அறுத்தெடுத்த பழைய மீன்வலை, ஒயுனாவின் மடியில் ஸ்டெல்லா, முறைத்தபடி.

அல்போன்ஸ் சார் போட்டோவைப் பார்த்தார். "இன்னும் வெயிட் போட்டுடுச்சு." அவ்வளவு தான் அந்தக் கல்நெஞ்சு சொன்னது.

அந்த ஆளை மீறி ஒரு உயிரைக் காப்பாற்றிய கதையை எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருப்பேன். கேட்டவர்களுக்கே மனப்பாடம்.

சாயங்காலம் விவேக் நகர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டிக்குள்ளும் யாரையோ திட்டப் போகிற முகம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேக் எதுவும் இல்ல ஆன்ட்டி" என்றாள். பூமி பிளக்கவில்லை.

போய் வாங்க சார். அங்கேயாவது பக்கத்தில் இருப்பவரைக் கொத்தாமல் இருங்கள்...

ஒயுனாவுக்கும் சேதி அனுப்பினேன். "வாத்தா, மனுஷனா?" என்று கேட்டாள். மனுஷன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

ஸ்டெல்லா மாட்டிய இடத்தைச் சொல்ல சார் போன் பண்ணினாராம். அப்போதும் யார் பெயர் முதலில் என்று ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுத் தான் இடத்தைச் சொன்னாராம்.

என் மெயில் எதுவும் அவளுக்கு வரவே இல்லையாம்.