சட்டைக் கைக்குள் இருந்த கடிகாரம்

பதினாறு பாகம், அதாவது ஏறக்குறைய நூறடி தண்ணீருக்கடியில் என் மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் இருண்டு போயிருந்தது. எப்போது அணைந்ததென்று தெரியவில்லை. அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை.

1986, தவக்காலம். பழவேற்காட்டுக்குக் கிழக்கே மூழ்கிய ஒரு படகின் இன்ஜினை மீட்கும் வேலை. என் மனைவியின் ஒரே தம்பி ஞானராஜும் நானும் சிலிண்டர் கட்டி இறங்குவோம். கோட்டைக்குப்பத்துப் படகு மேலே காத்திருக்கும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தோம், ஏறும் வழியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சின்னக் கருவியே கணக்கிடும். நிற்காமல் ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டும். கை கால் முடங்கலாம், உயிரும் போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி. நான் கல்லூரியில் படித்தவன், அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. அன்று காலை ஞானராஜ் வழக்கம்போல் சாவி கொடுக்கும் கடிகாரத்தையும் ஆழமானியையும் கட்டினான். படகுக்காரர்கள் முன்னால் அவனைக் கேலி செய்தேன்.

“ஆண்டவர் மேல நம்பிக்கை இருந்தா இதெல்லாம் இன்னாத்துக்குடா?”

“ஆண்டவர் மேல இருக்குது மாமா. உங்க டப்பா மேலதான் இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கியது. கழற்றி வை என்று அதட்டினேன். கழற்றிப் பையில் போட்டான்.

அன்றைய இரண்டாவது இறக்கத்தில்தான் கம்ப்யூட்டர் செத்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டிருந்தது. அவசரமாக ஏறினாலும் ஆபத்து, அதிகம் தாமதித்தாலும் ஆபத்து. அருகில் என்னை நம்பி வந்தவன். “ஆண்டவரே, என் அகந்தைக்கு இவன் உயிரை விலையாக்காதேயும்” என்று மனதுக்குள் மன்றாடினேன். வேறு ஜெபம் வரவில்லை.

ஞானராஜ் என் தோளைத் தட்டினான். முழுக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை மேலே இழுத்தான். உள்ளே கடிகாரம், அதன் மேல் ஆழமானி. நான் குனிந்து துடுப்புக் காலணி மாட்டிய நேரத்தில் திரும்பக் கட்டியிருக்கிறான். இடுப்பிலிருந்து, எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணை எழுதிய பலகையை எடுத்தான். முதல் இறக்கத்தின் நிமிஷங்களும் அதில் பென்சிலால் இருந்தன. பத்தடி ஆழத்துக்கு ஏறியதும் ஐந்து விரலை மூன்று முறை காட்டினான். பதினைந்து நிமிஷம் நின்றோம். வெயிலுக்கு வந்தோம். படகில் இருவரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

இனி என் பாவம். அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன். ஆண்டவரே என் காதில் நிமிஷங்களை எண்ணினார் என்றேன். கடிகாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஞானராஜ் மெதுவாகச் சொன்னான்.

“ஆண்டவர் நல்லாத்தான் எண்ணினாரு மாமா. காலையில சாவி குடுத்தது நானு.”

அதற்குப் பிறகும் மீஞ்சூரிலும் அனுப்பம்பட்டிலும் அதே பொய்யைச் சொன்னேன். மக்கள் கண்ணீர் விட்டார்கள். அவன் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அதன்பின் கம்ப்யூட்டரோடு கடிகாரத்தையும் ஆழமானியையும் கட்டாமல் நான் கடலில் இறங்கியதில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போதெல்லாம் ஜெபித்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “இப்பவாவது வந்தீங்களே. உட்காருங்க, எறா கொழம்பு ஆறுது” என்றான். அன்று போல நான் சாப்பிட்டதே இல்லை.

அன்பானவர்களே, என் ஜெபம் கேட்கப்பட்டது. நான் ஜெபிக்கும் முன்பே பதில் என் பக்கத்தில் இருந்தவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். உதவி யார் கையில் வந்தாலும் அந்தப் பெயரை மறைக்காதீர்கள்.

வரும் ஞாயிறு இதைச் சபையில் வாசிக்கப்போகிறேன். ஞானராஜ் மூன்றாவது வரிசையில் இருப்பான். முதல் ஆமென் அவன் சொல்லட்டும்.