பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து, அந்தமானில் ஒரு வாரம் தங்கத் திட்டமிட்டோம். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். தேதி விஷயத்தில் மற்றவர்களைத் திருத்துகிற பழக்கமும் உண்டு. தீவின் கடற்கரையில் முழுநிலவைப் பார்க்க மனைவி சுமதி ஆசைப்பட்டாள். காலண்டரில் மாசிப் பௌர்ணமிக்கு வட்டம் போட்டு, அதையொட்டி விமானம், கப்பல், அறை எல்லாம் பதிவு செய்தேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கையில், மந்தைவெளி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சடங்குகளை நடத்திவைக்கும் வாத்தியார் போன் செய்தார்.

"மாமா, மாசி தேய்பிறை துவிதியை அப்பா ஸ்ராத்தம். எத்தனை மணிக்கு வரட்டும்?"

பௌர்ணமிக்கு இரண்டாம் நாள். வருடா வருடம் திதி கொடுக்க அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அன்றைக்குத் தீவில் இருப்பேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். சுமதியிடம் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். உடம்பு சரியில்லை என்று வாத்தியாரிடம் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் சுமதி கேட்டாள். "என்ன, ஆத்துக்குள்ளயே வாக்கிங் போயிண்டிருக்கேள்?"

சொன்னேன். காலண்டரில் நான் போட்ட வட்டத்தின்மேல் விரலை வைத்து, இரண்டு கட்டம் நகர்த்தினாள்.

"இவ்வளவு பெரிய வட்டம் போட்டேளே, பக்கத்துல உங்கப்பா நிக்கறது கண்ணுல படலையா?"

சிரித்தாள். பிறகு பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"பங்குனியிலயும் பௌர்ணமி வரும். முதல்ல வாத்தியாருக்கு போன் பண்ணுங்கோ."

பங்குனியில் போனோம். மணலில் அமர்ந்து அவள் நிலவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிரதமை, துவிதியை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.